மெக்சிகோ காதல் தோல்விப் பாட்டுல காசு பேச்சு ஏன் வருது?

ராத்திரிப்பாட்டு:
கொஞ்ச நாளா ராஞ்செரா பாட்டா, அதாவது மெக்சிகோ நாட்டுப்புற பாணிப் பாட்டா, கேட்டுட்டு இருக்கேன், அர்த்தத்த பக்கத்துல வச்சுகிட்டு. பாட்டெழுதிப் பாடின ஹோசே அல்ஃபிரெடோ ஹிமெனெஸோட 'எல் ரே'ல (ராஜான்னு அர்த்தம்) ஒருத்தன், காசு இருந்தாலும் இல்லாட்டியும் நான் நெனச்சததான் செய்வேன், சிம்மாசனம் இல்ல, ராணி இல்ல, ஆனாலும் நான்தான் ராஜாங்கிறான். அவ வேணாம்னுட்டா, அழ வேண்டியவன் எதுக்கு காசப் பத்தி பேசறான்?

டிரம்பெட்காரன்:
வீம்புங்க அது. ஹிமெனெஸ் ஹோட்டல்ல சர்வரா இருந்தவர், வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது, மெட்ட விசிலடிச்சுதான் காட்டுவார். கையில ஒண்ணும் இல்லாதவனுக்கு மிச்சம் இருக்கறது மானம்தான், அதையும் அவ எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு பாக்கறான். ஆனா பாடகர் ஹுவான் காப்ரியேலோட 'நோ தெங்கோ தினேரோ' கேளுங்க, 1971ல வந்தது, அதுல வீம்பே கிடையாது. என்கிட்ட காசு இல்ல, அன்பு மட்டும்தான் இருக்கு, இப்படியே என்ன புடிச்சா சரி, இல்லன்னா என்ன பண்றதுன்னு விட்டுடறான், அவள ஒரு வார்த்த திட்டல. காப்ரியேலோட அம்மா வீட்டு வேல பாத்தவங்க, இவர் சியுடாட் ஹுவாரெஸ் ஊர்ல ஒரு பிள்ளைங்க விடுதியில வளந்தவர், பேரு வாங்கறதுக்கு முன்னாடி திருட்டுப் பழியில லெகும்பெர்ரி ஜெயில்லயும் இருந்திருக்கார். மெட்டு துள்ளலா இருக்கும், எனக்கு அங்கதான் தொண்ட அடைக்கும்.

கனகா:
அவ காசுக்காகத்தான் போனான்னு ஆம்பள பாடினா உடனே நம்பிடறோம், அவ என்ன சொல்றான்னு யாரும் கேக்கறதில்ல. பகிதா லா தெல் பார்ரியோ கேளுங்க. மெக்சிகோ சிட்டில கெரெரோ பக்கம் சொந்தமா சாப்பாட்டுக் கடை வச்சு அங்கயே பாடினவங்க, 2025 பிப்ரவரில போய் சேந்துட்டாங்க. அவங்க 'ரத்தா தே தோஸ் பத்தாஸ்'ல அவன ரெண்டு கால் எலி, அட்டை, கரப்பான்னு வரிசையா திட்டுவாங்க, "கேக்குதா, உதவாக்கரை?"ன்னு கேக்கறதும் அவங்க வழக்கம். அந்தப் பாட்டு முழுக்க காசு பேச்சே இல்ல, அவன் அவள என்ன பாடு படுத்தினான்கிறதுதான் கணக்கு.

டிரம்பெட்காரன்:
கனகா சொல்றது நியாயம், நான் ஆம்பள பாட்டாவே எடுத்து வச்சுட்டேன்.

பன்னிரெண்டு நரம்பு:
இப்ப உள்ள பசங்களும் இத விடல. 2023ல எஸ்லபோன் அர்மாதோ குழுவும் பாடகர் பெசோ ப்ளூமாவும் பாடின 'எல்லா பைலா சோலா' அமெரிக்காவோட பில்போர்ட் ஹாட் 100 பாட்டு வரிசையில 4வது இடம் வரைக்கும் போச்சு, அதுலயும் நான் காசு உள்ளவன் இல்ல, மனசுன்னு வந்தா எல்லாம் செய்வேன்னுதான் அவகிட்ட சொல்றான். அதே பெசோ ப்ளூமா மத்த பாட்டுல விலை ஒசந்த துணி, வண்டின்னு அடுக்குவார். ஆனா ஒருத்திகிட்ட மனசத் தொறக்கணும்னா மட்டும் அவருக்கும் ஏழையாதான் பாட வேண்டியிருக்கு.