உதவி: வகுப்பில் பதிவு செய்ய முடியவில்லை, ஹோல்டு என்று வருகிறது. அவசரம்

மானாமதுரை_மாணவன் | ஜூலை 6, இரவு 11.42
வணக்கம். கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) இடம் கிடைத்துவிட்டது. இன்று எனக்குப் பதிவு நாள். மாலை 7.30 மணியிலிருந்து போர்ட்டலோடு மல்லுக்கட்டுகிறேன். நான்கு பாடங்களையும் தேர்வு செய்துவிட்டு பதிவு பட்டனை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் "ஹோல்டு" என்று வருகிறது. ஒரு வகுப்பில் இன்னும் 9 இடம்தான் இருக்கிறது. கல்லூரிக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. 20ஆம் தேதி விமானம். என்ன செய்வது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

சாக்ரமெண்டோ_அக்கா | ஜூலை 6, இரவு 11.58
தம்பி, பதறாதீர்கள். எந்த நாடு, எந்த மாநிலம்? எஃப்-1 என்ற மாணவர் விசாவா? விசா கைக்கு வந்துவிட்டதா? அந்த ஹோல்டு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா? முழு வரியையும் அப்படியே இங்கே போடுங்கள்.

டெக்சாஸ்_தமிழன் | ஜூலை 7, காலை 12.20
இது மெனிஞ்சைட்டிஸ் என்ற மூளை உறைக் காய்ச்சலுக்கான தடுப்பூசிதான். என் அண்ணன் மகனுக்கும் இதேதான் நடந்தது. 22 வயதுக்குக் கீழே இருந்தால் வகுப்பு தொடங்குவதற்கு 10 நாள் முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். சான்றிதழைப் பதிவேற்றும் வரை சேரவே விடமாட்டார்கள். நாளைக்கே போட்டுவிடுங்கள்.

சாக்ரமெண்டோ_அக்கா | ஜூலை 7, காலை 12.26
அது டெக்சாஸ் மாநிலச் சட்டம். தம்பி எந்த மாநிலம் என்று இன்னும் சொல்லவே இல்லை.

ஒற்றைப்பெயர் | ஜூலை 7, காலை 6.15
பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கிறதா? நம் ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். அப்படி இருந்தால் விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது) என்று அடித்துவிடுவார்கள், நம் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். கல்லூரி விண்ணப்பத்தில் அப்பா பெயரைக் கடைசியில் போட்டிருப்பீர்கள். இரண்டும் ஒத்துப்போகாது. எனக்கு வங்கிக் கணக்கு முதல் ஓட்டுநர் உரிமம் வரை எல்லா இடத்திலும் தகராறு வந்தது இதனால்தான். ஹோல்டுக்கும் இதுதான் காரணமாக இருக்கும்.

பழம்பதிவர் | ஜூலை 7, காலை 8.05
மாநிலம் இல்லை, செய்தியின் முழு வரி இல்லை, என்ன பாடம் என்று இல்லை. இந்தப் பகுதியில் எத்தனையோ வருடமாகச் சொல்லி வருகிறேன்: கேள்வியை ஒழுங்காகக் கேட்டாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். வெளிநாட்டில் தனியாக இருக்கப் போகிறவர் முதலில் பழக வேண்டியது இதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவ்வளவு செலவு செய்து போகிறவர் நேராகப் பல்கலைக்கழகத்தில் சேராமல் ஏன் கம்யூனிட்டி காலேஜ்? அது அந்த ஊர்க்காரர்களுக்காக ஏற்பட்டது. யூனிட்டுக்கு (பாடத்தின் அளவை யூனிட்டில்தான் சொல்வார்கள்) 46 டாலர் என்ற மலிவைப் பார்த்து ஏமாந்து போகிறார்கள்.

தறிக்காரன்_மகள் | ஜூலை 7, காலை 9.30
ஐயா, அந்த 46 டாலர் கலிபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கான கட்டணம். எங்களுக்கு அதோடு வெளியூர் மாணவர் கட்டணம் என்று தனியாக ஒன்று சேரும். அது பல மடங்கு அதிகம். நான் மூன்றாவது செமஸ்டர் படிக்கிறேன், ஒவ்வொரு முறையும் என் அப்பாதான் கட்டுகிறார். மலிவு என்று யாரும் எங்களை ஏமாற்றவில்லை. அவ்வளவு கட்டியும் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடச் செலவைவிட இது மிகக் குறைவு. அதனால்தான் வந்தேன்.

மானாமதுரை_மாணவன் | ஜூலை 7, காலை 10.10
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். கலிபோர்னியா. கல்லூரிப் பெயர் வேண்டாமே. எஃப்-1 விசா போன மாதமே சென்னையில் கிடைத்துவிட்டது. வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர் கட்டியாயிற்று. செமஸ்டர் முறை, ஆகஸ்ட் 24 தொடக்கம். பாடங்கள்: கால்குலஸ் 5 யூனிட், நிரலாக்கம் 4, ஆங்கிலம் 3, அமெரிக்க வரலாறு 3. கால்குலஸ் மட்டும் நேரில், மற்ற மூன்றும் ஆன்லைன். தங்கும் அறை கல்லூரியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், அதனால்தான். போர்ட்டலில் "ஹோல்டு, சர்வதேச மாணவர் அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளவும்" என்று மட்டும்தான் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கிறது.

தறிக்காரன்_மகள் | ஜூலை 7, காலை 10.31
கல்லூரி உங்களுக்கென்று ஒரு மெயில் முகவரி கொடுத்திருக்கும். அதைத் திறந்து பார்த்தீர்களா? சேர்க்கைக் கடிதம் வரைக்கும்தான் நம் சொந்த ஜிமெயிலுக்கு வரும். அதற்குப் பிறகு எல்லாம் அந்தப் புது முகவரிக்கே போகும். நான் மூன்று வாரம் தெரியாமலே இருந்தேன்.

எனக்கு வந்த ஹோல்டு டி.பி. (காசநோய்) பரிசோதனைக்கானது. அவசரத்தில் ஊரிலேயே கையில் ஊசி போடும் மாண்டூ டெஸ்ட் எடுத்துவிட்டு வந்தேன். கை வீங்கிவிட்டது. பாசிட்டிவ் என்று எழுதிவிட்டார்கள். இங்கே வந்து மறுபடி நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, மருத்துவர் கையெழுத்து வாங்கி, அதற்குள் எனக்கு வேண்டிய வேதியியல் வகுப்பு நிரம்பிவிட்டது.

டெக்சாஸ்_தமிழன் | ஜூலை 7, காலை 11.02
மாண்டூதான் எங்கேயும் எடுப்பது. விலையும் குறைவு. எத்தனையோ பேருக்கு நெகட்டிவ் வருகிறதே.

ஆய்வகத்_தம்பி | ஜூலை 7, மதியம் 1.15
திருச்சியில் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போடுகிறோம், இடது தோளில் தழும்பு இருக்கும். அந்தத் தடுப்பூசி போட்டவர்களுக்கு நோய்த்தொற்று இல்லாமலே மாண்டூவில் வீக்கம் வரலாம். எல்லோருக்கும் வராது, அதனால் டெக்சாஸ் அண்ணன் சொல்வதும் நடப்பதுதான். ஆனால் ரத்தத்தில் பார்க்கும் பரிசோதனையை பி.சி.ஜி. பாதிக்காது. லேபில் "டி.பி. கோல்டு" என்று கேட்டால் தெரியும். விலை கூடத்தான். மாண்டூ என்றால் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபடி போய் அளந்து எழுதி வாங்க வேண்டும், அதிலும் இரண்டு மூன்று நாள் போய்விடும்.

எதை எடுத்தாலும், முதலில் உங்கள் கல்லூரி எதை ஏற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ரிப்போர்ட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அச்சாக இருக்க வேண்டும். நாங்கள் பழக்கத்தில் முன்னால் இனிஷியல் போட்டுவிடுவோம்.

ஒற்றைப்பெயர் | ஜூலை 7, மதியம் 1.22
பார்த்தீர்களா, கடைசியில் பெயரில்தான் வந்து நிற்கிறது.

பழம்பதிவர் | ஜூலை 7, மதியம் 2.40
46 டாலர் விஷயத்தில் தங்கையின் திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் என் அடிப்படைக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. இரண்டு வருடம் முடித்துவிட்டு அசோசியேட் பட்டத்தோடு என்ன செய்வார்கள்? நம் ஊரில் அதைப் பட்டம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தறிக்காரன்_மகள் | ஜூலை 7, மாலை 6.05
அதோடு யார் நிற்கப் போகிறார்கள்? இரண்டு வருடம் இங்கே, மீதி இரண்டு வருடம் பல்கலைக்கழகத்தில். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு இடம் உறுதி என்றே எழுதிக் கொடுக்கின்றன. டாக் என்று சொல்வார்கள். வெளிநாட்டு மாணவர்களும் கேட்கலாம். குறிப்பிட்ட பாடங்கள், குறிப்பிட்ட மதிப்பெண் வேண்டும், செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ இதில் கிடையாது, ஆனால் அங்கேயும் இங்கிருந்து போகிறவர்கள் நிறையப் பேர். கையில் வரும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும்.

பழம்பதிவர் | ஜூலை 7, மாலை 6.48
உறுதி என்பதை எல்லாப் பாடத்துக்கும் என்று இவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. சில வளாகங்களில் கணினி அறிவியலுக்கு அந்த உறுதி கிடையாது. நிரலாக்கம் எடுக்கும் பையன் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும். இந்தக் கல்லூரிகளை நான் மட்டம் தட்டவில்லை. 1901இல் இல்லினாய்ஸில் ஜோலியட் கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்தே பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடத்தைச் சொல்லிக்கொடுப்பதுதான் இவற்றின் வேலை. ஆனால் எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று பார்க்காமல் சேர்ந்துவிட்டு மூன்றாவது வருடம் அழுகிறார்கள். அசிஸ்ட் என்ற இணையதளத்தில் ஒவ்வொரு கல்லூரிப் பாடமும் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்று போட்டிருக்கிறார்கள். முதல் செமஸ்டருக்கு முன்பே பார்க்க வேண்டும்.

தறிக்காரன்_மகள் | ஜூலை 7, மாலை 6.55
இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை ஐயா. அசிஸ்ட் பார்க்காமல் நானே ஒரு பாடத்தை வீணாக எடுத்தேன்.

சாக்ரமெண்டோ_அக்கா | ஜூலை 7, இரவு 8.10
நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருங்கள், தம்பிக்கு இரண்டு விஷயம் உடனே சொல்ல வேண்டும்.

ஒன்று, விமானம். 20ஆம் தேதி என்கிறீர்கள், தொடக்கம் ஆகஸ்ட் 24 என்கிறீர்கள். நடுவில் 35 நாள். முதன்முறை எஃப்-1இல் வருகிறவர் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவத்தில் போட்டிருக்கும் தொடக்க நாளுக்கு 30 நாள் முன்புதான் உள்ளே வரலாம். அதற்கு முன்னால் வந்து நின்றால் விமான நிலையத்தில் விட மாட்டார்கள். ஐ-20ஐ எடுங்கள். அதிலேயே "நுழையக்கூடிய முதல் நாள்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன தேதி?

இரண்டு, பாடங்கள். ஹோல்டு போனாலும் இந்த நான்கையும் இப்படியே எடுக்கக் கூடாது. எஃப்-1 என்றால் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 யூனிட். அதில் முழு ஆன்லைன் பாடம் ஒன்றுதான், 3 யூனிட் அளவுக்குத்தான் கணக்கில் வரும். உங்களுக்கு நேரில் 5, ஆன்லைனில் 3, மொத்தம் 8. போர்ட்டல் 15 என்று காட்டும், தடுக்காது. விசா நிலைதான் போய்விடும். இன்னும் இரண்டு பாடமாவது நேரடி வகுப்பாக மாற்றுங்கள். வாரம் ஒரு நாள் நேரில் வரச் சொல்லும் கலப்பு வகுப்புகளும் உண்டு, அது எந்தக் கணக்கில் வரும் என்று கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் டி.எஸ்.ஓ. அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அறையையும் பக்கத்தில் பாருங்கள். தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் வந்து படிக்க முடியாது.

அலுவலகத்துக்கு மெயில் மட்டும் போட்டால் போதாது, தொலைபேசியில் கூப்பிடுங்கள். இங்கே காலை 8 மணி என்றால் உங்களுக்கு இரவு 8.30. திறந்தவுடன் கூப்பிட்டால் எடுப்பார்கள்.

மானாமதுரை_மாணவன் | ஜூலை 7, இரவு 8.24
அக்கா, அந்தக் கட்டத்தில் ஜூலை 25 என்று இருக்கிறது. நான் இதைப் பார்க்கவே இல்லை. டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரும் கேட்கவில்லை. முன்னாலேயே போனால் ஹோல்டை நேரில் சரிசெய்யலாம் என்றுதான் 20ஆம் தேதி போட்டேன். கல்லூரி மெயிலில் இப்போதுதான் நுழைந்தேன், 14 மெயில் படிக்காமல் கிடக்கிறது. அலுவலகத்துக்குக் கூப்பிடப் போகிறேன்.

சாக்ரமெண்டோ_அக்கா | ஜூலை 7, இரவு 8.40
கூப்பிட்டுவிட்டு வாருங்கள். நல்லவேளை, இன்னும் நாள் இருக்கிறது. ஐ-20, பாஸ்போர்ட், சேர்க்கைக் கடிதம், பணத்துக்கான சான்று எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். அம்மா பச்சைக் கறிவேப்பிலை கட்டிக் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்பதால் அனுமதி கிடையாது.

டெக்சாஸ்_தமிழன் | ஜூலை 9, காலை 7.30
என்ன ஆயிற்று தம்பி?

ஒற்றைப்பெயர் | ஜூலை 11, காலை 9.12
ஆளைக் காணோமே. டிக்கெட்டை மாற்றிவிட்டாரா என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும்.

மானாமதுரை_மாணவன் | ஜூலை 14, இரவு 10.50
எல்லோருக்கும் நன்றி. டி.பி. தான். அந்த 14 மெயிலில் ஜூன் மாதமே கேட்டிருந்தார்கள். மதுரையில் ரத்தப் பரிசோதனை எடுத்தேன், நெகட்டிவ். லேபில் இனிஷியலை முன்னால் போட்டுவிட்டார்கள், கல்லூரி திருப்பி அனுப்பியது, மறுபடி அடித்து வாங்கிப் போட்டேன். நேற்று ஹோல்டு போய்விட்டது. டிக்கெட் 26ஆம் தேதிக்கு மாற்றியாயிற்று. கால்குலஸ் மட்டும் "முன்தகுதி இல்லை" என்று வருகிறது.

தறிக்காரன்_மகள் | ஜூலை 14, இரவு 11.20
அது ஹோல்டு இல்லை, பயப்பட வேண்டாம். உங்கள் பிளஸ் டூ கணக்கு அவர்கள் கணினிக்குத் தெரியாது. மதிப்பெண் பட்டியலோடு கல்லூரி ஆலோசகரிடம் முன்தகுதிக்கு விண்ணப்பியுங்கள், அவர்கள் பார்த்துத் திறந்துவிடுவார்கள். எனக்கு நாலு நாள் ஆயிற்று. அதற்குள் வகுப்பு நிரம்பினால் காத்திருப்புப் பட்டியலில் சேர முடியுமா என்று கேளுங்கள்.

ஆங்கிலம், வரலாறு இரண்டையும் நேரடி வகுப்புக்கு மாற்றிவிட்டீர்களா? அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

சாக்ரமெண்டோ_அக்கா | ஜூலை 16, காலை 7.05
தம்பி, அந்த 12 யூனிட்டைச் சரிசெய்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள்.