பிரஸ் கார்டா, கறுப்பு கோட்டா?

இங்கே ஒரு தம்பி கேட்டிருந்தார்: பிளஸ் டூ முடித்தாயிற்று, சட்டமும் படிக்க வேண்டும், பத்திரிகையிலும் சேர வேண்டும், இரண்டையும் ஒன்றாகப் படிக்கலாமா என்று. இரண்டையும் சென்னையிலேயே படித்தவள் என்பதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனி டிகிரி என்ற யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அதற்கு அனுமதி கொடுத்தது உண்மைதான். ஆனால் எல்எல்.பி. என்று வந்தால் வக்கீல்களுக்கும் சட்டப் படிப்புக்கும் விதி வகுக்கும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் குறுக்கே நிற்கும். சட்டத்தில் ரெகுலராகச் சேர்ந்துவிட்டால் இன்னொரு ரெகுலர் பட்டத்துக்குப் பதிய முடியாது. இரண்டையும் சேர்த்தே தரும் ஐந்தாண்டுப் படிப்புக்கு மட்டும் விலக்கு. அதில் பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ. என்று நிறைய இடங்களில் கிடைக்கும். இதழியல் வேண்டுமென்றால் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் தேடவில்லை. இதழியலில் பி.ஏ. மூன்று வருடம், அப்புறம் எல்எல்.பி. மூன்று வருடம். ஒரு வருடம் கூடுதல், வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு, அவ்வளவுதான்.

இரண்டு வகுப்புகளுக்கும் ஒன்றுக்கொன்று ஆகாது. இதழியலில் முதல் வரியிலேயே விஷயத்தைப் போட்டு உடை என்பார்கள். சட்டத்தில் சம்பவம், எழும் கேள்வி, பொருந்தும் பிரிவு, முன்தீர்ப்பு எல்லாம் கடந்துதான் முடிவுக்கு வர முடியும். இரண்டும் ஒட்டியது அரசியலமைப்புச் சட்ட வகுப்பில்தான். பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய பெரிய வழக்குகளில் சில நம்ம ஊரில் முளைத்தவை. 'கிராஸ் ரோட்ஸ்' இதழை மதராஸ் அரசு மாநிலத்துக்குள் விடாமல் தடுத்ததால் வந்தது 1950-ன் ரொமேஷ் தாப்பர் வழக்கு. பத்திரிகை ஜெயித்தது, மறு வருடமே பேச்சுரிமைக்கான வரம்புகளை விரித்து முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்துவிட்டது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய 1994 வழக்கில், பொது ஆவணத்தில் இருப்பதை எழுத யார் சம்மதமும் வேண்டாம், அதைத் தாண்டி ஒருவரின் அந்தரங்கத்துக்குள் போனால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றது உச்ச நீதிமன்றம். பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயருக்கு மட்டும், அது ஆவணத்தில் இருந்தாலும், பாதுகாப்பு உண்டு என்றும் சொன்னது.

இன்று என் வேலையில் பாதி அந்தக் கடைசி வரியைச் சுற்றித்தான். செய்தி அச்சுக்குப் போகும் முன் சட்டச் சிக்கல் உண்டா என்று பார்த்துக் கொடுப்பதை பிரஸ் வெட்டிங் என்பார்கள். ஒரு போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் சட்டம்) செய்தி வரும். நிருபர் கவனமானவர், சிறுமியின் பெயரைப் போட்டிருக்க மாட்டார். ஆனால் காசிமேடு பக்கம் இன்ன குடியிருப்பு, எட்டாம் வகுப்பு, அப்பா துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவர், அம்மா சத்துணவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர் என்று எழுதியிருப்பார். அந்தத் தெருக்காரர்களுக்கு இதற்கு மேல் பெயர் எதற்கு? போக்சோ 23-ஆம் பிரிவு பெயர், முகவரி, படத்தோடு நிற்கவில்லை. குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எதுவும் கூடாது என்கிறது. நிருபரோடு சேர்ந்து உரிமையாளரும் மாட்டுவார். அந்த விவரங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் 'சென்னையைச் சேர்ந்த சிறுமி' என்பதுதான் மிஞ்சும். "அக்கா, செய்தியில் உயிரே இல்லையே" என்று நிருபர் போனில் புலம்புவார். அவர் சொல்வதும் எனக்குப் புரியும். அதனால் அடித்த இடத்தில், குற்றப்பத்திரிகை எப்போது தாக்கலானது, விசாரணை எங்கே இழுத்தது என்று கேட்டு எழுதச் சொல்வேன். செய்தி அங்கேதான் இருக்கிறது.

இனி கோட்டு விஷயம். வழக்கறிஞராகப் பதிவு செய்து என்ரோல் ஆகிவிட்டால் மாதச் சம்பளத்துக்கு முழுநேர வேலை பார்க்க முடியாது; பார் கவுன்சில் விதி 49. வழக்கறிஞராகவும் பத்திரிகையாளராகவும் இருந்த ஒருவர் விஷயத்தில், முழுநேரப் பத்திரிகைத் தொழிலுக்கு இடமில்லை என்று 2024-ல் உச்ச நீதிமன்றத்திலேயே பார் கவுன்சில் தெரிவித்தது. அதே சமயம் விதி 51, பத்திரிகைகளுக்கு வெட்டிங் செய்யலாம் என்று வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. முழுநேர வேலையாக இல்லாதவரை எழுதலாம், ஒலிபரப்பிலும் பேசலாம். நான் நுழைந்தது இந்த வழியாகத்தான். பகலில் சீனியர் ஆபீஸ், சாயங்காலம் வெட்டிங். சேரும்போது கையில் கிடைக்கும் விளம்பரத் தாள்களில் 'இரு துறைகளிலும் பிரகாசமான வாய்ப்பு' என்றுதான் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் முழுதாகச் செய்ய முடியாது என்று இருக்காது.

*

அக்கா சொன்னது சரி. நானும் எல்எல்.பி. தான், ஆனால் என்ரோல் ஆகவில்லை. ஒரு தமிழ் நாளிதழுக்காக ஐகோர்ட் பீட், அதாவது ஐகோர்ட் செய்திகள், பார்க்கிறேன். நீதிபதி அரசு வக்கீலைப் பார்த்து ஏதோ காட்டமாகச் சொல்வார். பின்னால் நிற்கும் நமக்குப் பாதிதான் காதில் விழும். வராண்டாவுக்கு வந்ததும் நிருபர்கள் கூடி நின்று, சரியாக என்ன சொன்னார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். அதற்குள் டிவியில் 'ஐகோர்ட் அதிரடி உத்தரவு' என்று ஓட ஆரம்பித்திருக்கும். அப்புறம் உத்தரவு இணையத்தில் ஏறும். திறந்து பார்த்தால், பதில் மனு தாக்கல் செய்ய அரசுக்கு அவகாசம், வழக்கு தள்ளிவைப்பு. காட்டம் ஒரு வரிகூட இருக்காது.

அதற்காக வாய்மொழியாகச் சொன்னதை எழுதவே கூடாது என்றில்லை. 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையம்தான் பொறுப்பு, கொலைக் குற்றச்சாட்டே சுமத்தலாம் என்று சென்னை ஐகோர்ட் சொன்னது நாடு முழுக்கச் செய்தியானது. இப்படிச் செய்தி போடுவதைத் தடுக்கச் சொல்லி ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. மே மாதமே அது மறுக்கப்பட்டது. ஆகவே தாராளமாக எழுதலாம். உத்தரவிட்டதாக எழுதினால்தான் தப்பு. சட்டம் படித்ததில் எனக்கு லாபம், செய்தியைத் திருத்தி வெளியிடும் டெஸ்கோடு இந்தச் சண்டையை ஆதாரத்தோடு போட முடிகிறது. பாதி நாள் தோற்றுவிடுவேன், அது வேறு கதை.

*

இருவரும் நன்றாகச் சொன்னீர்கள். பழைய ஆள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். சட்டமும் பத்திரிகையும் இப்படி ஒன்றுசேர்வது சென்னைக்குப் புதிதில்லை. 1878-ல் முத்துசாமி ஐயரை ஐகோர்ட் நீதிபதியாக்கியதை ஆங்கிலேயர் கைப் பத்திரிகைகள் தாக்கி எழுதின. அந்தக் கோபத்தில் 'தி இந்து'வைத் தொடங்கிய ஆறு பேரில் நான்கு பேர் சட்ட மாணவர்கள். தினத்தந்தி ஆதித்தனாரும் பாரிஸ்டர்தான்.

தம்பிக்கு: அரசு சட்டக் கல்லூரி இப்போது பாரிமுனையில் இல்லை. 2018-ல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைபெரும்புதூருக்கும் பிரிந்து போய்விட்டது. நாங்கள் வகுப்பு முடிந்ததும் பக்கத்து ஐகோர்ட் வளாகத்தில் போய் வாதம் கேட்போம். நீங்கள் அதற்கென்று நாள் ஒதுக்கிப் பஸ் ஏற வேண்டும். இன்டர்ன்ஷிப் மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுக்கு 20 வாரம். பத்திரிகை அலுவலகத்தில் செய்வது இந்தக் கணக்கில் வருமா என்று சேர்ந்த உடனே கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி வருடத்தில் கேட்டால் மறுபடி வக்கீல் ஆபீஸ் தேடி அலைய வேண்டியிருக்கும்.