நட்சத்திரம் தராத வாடிக்கையாளரின் விருப்பத்தை எப்படி அறிவது?

சென்னிமலையான்:
வணக்கம். சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம் ஆகியவற்றை மொத்தமாக வாங்கும் வியாபாரிகளுக்காக ஒரு செயலி நடத்துகிறோம். யாரும் நட்சத்திர மதிப்பீடு தருவதில்லை என்பதால், எதைத் தொட்டார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைக் கொண்டே, யாருக்கு எந்தச் சரக்கை முதலில் காட்டுவது என்று முடிவு செய்யும் பரிந்துரை மாதிரியை (மாடல்) பயிற்றுவித்தோம். மூன்றே மாதத்தில் பழைய பத்துப் போர்வைகள் முதல் வரிசையைப் பிடித்துக்கொண்டன. புதிய நெசவு எதுவும் கண்ணில் படுவதில்லை. தவறு தரவிலா, மாதிரியிலா?

நொய்யல்கரை:
தரவைப் படித்த விதத்தில். மேலே இருப்பதால் தொடுகிறார்கள், தொடுவதால் மேலேயே இருக்கிறது. தேடுபொறிச் சொடுக்குகளை (கிளிக்) ஆராய்ந்த தோர்ஸ்டன் யோவாக்கிம்ஸ் 2002-லேயே, சொடுக்கைத் தனிப் பாராட்டாகக் கொள்ளாமல் ஒப்பீடாகக் கொள்ளும் வழியைக் காட்டினார். முதலிரண்டைத் தாண்டி மூன்றாவதைத் தொட்டவருக்கு அவ்விரண்டைவிட அது பிடித்திருக்கிறது என்பதற்கு மேல் எதையும் ஊகிக்க வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு சரக்குகளைச் சிலருக்கு மட்டும் இடம் மாற்றிக் காட்டினால், இடத்தால் வந்த சொடுக்கு எது, துணியால் வந்தது எது என்பது பிரிந்து தெரியும்.

தறிக்காரர்:
எனக்குக் கணினி தெரியாது. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் 20 ஆண்டுகள் கடை போட்டவன். துணியைத் தடவிப் பார்ப்பவரெல்லாம் வாங்குபவர் அல்லர். விலை கேட்டு, முகம் சுளித்து, நாலு கடை சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, அதே போர்வையை மறுபடி விரிக்கச் சொல்பவரே வாங்குவார். நெடுநேரம் உற்றுப் பார்ப்பவர் பெரும்பாலும் இழை அறுந்திருக்கிறதா என்று தேடுகிறார். படம் மங்கலாக இருந்தாலும் நேரமாகும், தம்பி.

நொய்யல்கரை:
ஐயா சொன்ன திரும்பி வருதலுக்குக் கணக்கே உண்டு. தொலைக்காட்சிப் பார்வைத் தரவைக் கொண்டு ஹூ, கோரன், வோலின்ஸ்கி மூவரும் 2008-இல் எழுதிய கட்டுரையில், திரும்பத் திரும்பப் பார்த்த அளவு விருப்பத்தின் அளவாக அன்றி, அந்த ஊகத்தின் மீது நாம் வைக்கத்தக்க நம்பிக்கையின் அளவாகவே கொள்ளப்படுகிறது. பார்க்காத சரக்கும் வெறுத்த சரக்கு ஆகிவிடாது. அதற்குக் குறைந்த நம்பிக்கை, அவ்வளவுதான்.

ஆனைமலைக் காற்று:
பயனரிடமே கேட்டு வாங்கும் விருப்பச் சைகையும் ஏமாற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ, பயனரை அளவுமீறிப் புகழத் தொடங்கிய, தன் உரையாடல் செயற்கை நுண்ணறிவு மாதிரியான ஜிபிடி-4ஓவின் மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. பயனர் கட்டைவிரலை மேலோ கீழோ காட்டித் தரும் மதிப்பீடுகளைக் கூடுதலாகச் சேர்த்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்நிறுவனமே எழுதியது.

சென்னிமலையான்:
நன்றி. மறு ஆர்டரையே முதன்மைச் சைகையாகக் கொள்ளலாம் என்றால், அது வர ஒன்றரை மாதம் ஆகிறது. அதற்கு முன்பே தெரியும் அறிகுறி ஏதேனும் உண்டா, ஐயா?

தறிக்காரர்:
உண்டு. எத்தனை பேல் (துணிக்கட்டு) கிடைக்கும், லாரி வாடகை யார் பொறுப்பு என்று கேட்பார். வேடிக்கை பார்க்க வந்தவர் அதைக் கேட்டு நான் கண்டதில்லை.