மீட்டமைப்பா, ஒக்கிடுதலா? பழைய போர் விமானங்களுக்கு ஒரு சொல்

பல்லடம், திங்கள் காலை

சொல் தேடும் நம்ம குழுவில் எல்லாருக்கும் வணக்கமுங்க. பழைய போர் விமானங்களைச் சரிசெய்து நிறுத்தியிருக்கும் காட்சிக்கூடத்துக்கு எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் போகிறார்கள். அவர்கள் கையில் கொடுக்க 16 பக்க ஏடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாகணும். ஆங்கில மூலத்தில் ‘ரெஸ்டோரேஷன்’ (பழையதை முன்பு இருந்தபடி ஆக்குவது) 31 இடத்தில் வருது. மொழிபெயர்ப்பில் புதுப்பிப்பு, சீரமைப்பு, புனரமைப்பு என்று மூன்று சொல் கலந்து கிடக்கு. படித்துப் பார்த்த ஆசிரியர் “இது மூணும் மூணு வேலைங்களா?” என்று கேட்டார். ஒரே சொல் வேணும். ‘ஏர்வொர்தி’ (பறக்கத் தகுந்தது), ‘டோப்’ (இறக்கைத் துணிமேல் பூசுவது) இரண்டுக்கும் சொன்னால் புண்ணியமாப் போகும்.

தாம்பரம், திங்கள் மதியம்

மூன்று அல்ல, ஐந்து வேலை. அதைப் பிரிக்காமல் பெயர் வைத்தால் ஏடு முழுக்கக் குழப்பம்தான்.

விழுந்து கிடந்த இடத்திலிருந்து எடுத்து வருவது ஒரு வேலை. நார்வேயில் உறைந்த ஏரியின்மேல் 1942-இல் இறங்கி மூழ்கிப்போன ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தை 1973-இல் வெளியே எடுத்தார்கள். எடுத்ததைக் கெடாமல் காப்பது வேறு வேலை. அந்த ஹாலிஃபாக்ஸ் லண்டன் ஹெண்டனில் கிழிந்த தகடும் துருவுமாக, எடுத்த கோலத்திலேயே நிற்கிறது. அடுத்தது, தரையில் நிறுத்திக் காட்டும் அளவுக்குச் சரிசெய்வது. அதற்கும் மேலே, பறக்கும் அளவுக்குச் சரிசெய்வது. நம் விமானப்படையின் வி.பி. 905 என்ற டகோட்டா போக்குவரத்து விமானம் பிரிட்டனில் அப்படிச் சரிசெய்யப்பட்டு 2018-இல் பறந்தே இந்தியா வந்தது. கடைசியாக, பழைய பெயர்த்தகட்டையும் கொஞ்சம் துண்டுகளையும் வைத்துக்கொண்டு மீதியைப் புதிதாகக் கட்டுவது.

முதலாவதுக்கு ‘மீட்டெடுப்பு’ போதும். இரண்டாவது ‘காப்பு’. நடுவிலுள்ள இரண்டுக்கும் பொதுவான சொல்தான் சிக்கல். ‘புதுப்பிப்பு’ கூடவே கூடாது. புதிதாக்குவதுதான் இங்கே செய்யக்கூடாத காரியம்.

சூலூர், திங்கள் இரவு

எதுக்குங்க இவ்வளவு தூரம் சுத்தறது? நம்ம ஊர்ல ‘ஒக்கிடறது’ன்னு ஒரு சொல் இருக்குதல்லங்க? மோட்டார் எரிஞ்சு போனா ஒக்கிடறோம், ஏர்க்கலப்பை உடைஞ்சா ஒக்கிடறோம். விமானத்தையும் ஒக்கிடலாம். ‘ஒக்கிட்ட விமானம்’. ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் கடற்படை கோயமுத்தூர்லயே விமானம் பழுதுபார்க்கிற தளம் வெச்சிருந்தது, ‘கருடா’ன்னு பேரு. இன்னைக்கும் விமானப்படையோட பழுதுபார்ப்புத் தளம் சூலூர்ல இருக்குது. வேலை இங்க நடக்கறப்ப சொல்லு மட்டும் சென்னையில இருந்து வரணுமுங்களா?

விசயமங்கலம், செவ்வாய் காலை

சூலூர் ஐயா தங்கக்கட்டியைத் தவிட்டு விலைக்கு விற்கிறார். ஒக்கிடுதல் வெறும் பழுதுபார்த்தல் அல்ல. அதன் வேர் ‘ஒ’. ஒத்தல், ஒப்பு, ஒக்க எல்லாம் அதன் கிளைகள். ‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்’ என்ற குறளில் இருப்பதும் அதுவே. தொல்காப்பியர் உவம உருபுகளில் ‘ஒப்ப’ என்பதைச் சேர்த்திருக்கிறார். ஆக, ஒக்க + இடு = முன்பு இருந்ததை ஒக்கும்படி இடுதல். ரெஸ்டோரேஷன் என்பதற்கு இதைவிட நெருக்கமான சொல் எந்த மொழியில் இருக்கிறது? தொழிற்பெயரும் தயார். மதிப்பிடு–மதிப்பீடு, முறையிடு–முறையீடு போல ஒக்கிடு–ஒக்கீடு. ‘ஒக்கல்’ என்றால் சுற்றம். ‘விருந்தொக்கல்’ நினைவிருக்கும். பிரிந்து கிடந்த உறுப்புகளைச் சுற்றமாகச் சேர்ப்பது என்றும் பொருள் விரிக்கலாம்.

பவானி, செவ்வாய் காலை

ஐயா, ‘ஒக்கலை’ன்னா இடுப்பு. அப்ப விமானத்தை இடுப்புல தூக்கி வெச்சுக்கறதுன்னும் விரிக்கலாமுங்களா? கன்னடத்துல ‘ஒக்கு’ன்னா கதிர் மிதிக்கறது. வேர் பார்த்துக்கிட்டே போனா களத்துமேட்டுக்குப் போயிருவோம்.

தாம்பரம், செவ்வாய் மதியம்

வேர் எதுவாகவும் இருக்கட்டும். பேசுகிறவர்கள் என்ன பொருளில் சொல்கிறார்கள் என்பதுதான் கணக்கு. ஒக்கிட்ட மோட்டார் ஓடினால் வேலை முடிந்தது. உள்ளே என்ன செம்புக்கம்பி சுற்றினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணியான ரிவிட்டை எடுத்துக்கொள்வோம். பழைய ரிவிட்டை எடுக்க, தலையின் நடுவில் புள்ளியடித்து, தண்டின் விட்டத்துக்கு மேற்படாத துளைமுனையால் தலை உயரம் மட்டும் துளைக்க வேண்டும். பிறகு தலையைத் தட்டி எடுத்து, பின்னால் கட்டை கொடுத்துத் தண்டைத் தள்ள வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகத் துளைத்தால் தகட்டின் ஓட்டை நீள்வட்டமாகும். அப்புறம் ஒரு அளவு பெரிய ரிவிட் போட வேண்டியிருக்கும். ஓட்டையின் நடுவுக்கும் தகட்டின் ஓரத்துக்கும் விட்டத்தில் இரண்டு மடங்காவது இடைவெளி வேண்டும். பெரிதாக்கிக்கொண்டே போனால் அதுவும் போச்சு, தகட்டையே மாற்ற வேண்டும். புது ரிவிட்டின் நீளம், தகடுகளின் மொத்தக் கனத்தோடு விட்டத்தில் ஒன்றரை மடங்கு. அடித்து முடித்தபின் உள்பக்கம் நசுங்கி உருவாகும் தலை ஒன்றரை விட்டம் அகலம், அரை விட்டம் உயரம் இருக்க வேண்டும். சிலவகை வன்கலவை ரிவிட்டைச் சூடுபதம் செய்ததும் குளிர்பெட்டியில் வைத்து, வெளியே எடுத்த சில நிமிடங்களுக்குள் அடித்தாக வேண்டும். விட்டால் இறுகிவிடும், அடித்தால் தலை வெடிக்கும்.

இதற்கெல்லாம் பதிலாக, கடையில் விற்கும் பாப் ரிவிட்டை இழுத்துவிட்டால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அதுவும் ஒக்கிடுதல்தான். ஆனால் ரெஸ்டோரேஷன் அல்ல.

என் ஓட்டு ‘மீட்டமைப்பு’க்கு.

சூலூர், செவ்வாய் மாலை

நல்லாச் சொன்னீங்க, ஆனா ‘மீட்டமை’யைப் பிள்ளைங்க எங்க பார்த்திருக்குங்கன்னு யோசிச்சீங்களா? செல்போன் அமைப்புல. அதை அமுக்குனா உள்ள இருக்கற போட்டோ, நம்பர் எல்லாமே அழிஞ்சு போகும். விமானத்தை மீட்டமைச்சாங்கன்னு படிச்சா, பழசெல்லாம் அழிச்சுட்டாங்கன்னுதான் நினைக்கும்.

பவானி, செவ்வாய் இரவு

அது நிஜமாவே யோசிக்க வேண்டிய விசயம். கோயில் சொல்லு ஒண்ணு எடுத்துக்கலாமே: ‘திருப்பணி’. ‘திரு’வை எடுத்துட்டா வெறும் பணி ஆயிரும், அதுதான் குறை. ஆனா தாம்பரம் ஐயா சொன்ன அந்த அஞ்சாவது வேலை, பெயர்த்தகடு மட்டும் பழசு, மத்ததெல்லாம் புதுசு, அதுக்குக் கோயில்ல சரியான உவமை இருக்குது. பாலாலயம் பண்றப்ப மூர்த்தியோட கலையைக் கும்பத்துக்கு இறக்கி வெக்கறாங்க. கருவறையைக் கட்டி முடிச்சதும் திரும்பக் கொண்டு போறாங்க. கல்லு மாறலாம், சாமி அதே சாமி. பெயர்த்தகடுதான் அந்தக் கும்பம்.

தாம்பரம், புதன் காலை

அம்மா, உவமை அருமை. ஆனால் திருப்பணி என்றதும் எனக்கு மணல்வீச்சுதான் நினைவுக்கு வருகிறது. கல்தூணைப் பளிச்சென்று ஆக்கப் போய்க் கல்வெட்டு எழுத்தை மழித்துவிட்டார்களே. விமானத் தகட்டிலும் அதே ஆபத்து. டியூராலுமின் என்ற அலுமினியக் கலவைத் தகட்டின் இரு முகத்திலும் தூய அலுமினியம் மெல்லிய ஏடாகப் போர்த்தியிருக்கும். அரிப்பைத் தடுப்பதே அந்த ஏடுதான். மணல் வீசினால் ஏடு போய்விடும். உள்ளே இருக்கும் கலவை வெள்ளைப்பொடி பூத்து, பிறகு படலம் படலமாக உரியும். பழைய பெயின்ட்டை வேதிக்கரைப்பானால் எடுக்க வேண்டும், இல்லையென்றால் மென்மையான பிளாஸ்டிக் மணிகளைக் குறைந்த அழுத்தத்தில் வீச வேண்டும். அதற்கும் முன்னால் ஓரிடத்தில் நாணய அகலத்துக்கு மெல்லத் தேய்த்தால், மர வளையம் போல அடுக்கடுக்காகப் பழைய நிறங்கள் தெரியும். எந்தப் படையில், எந்த வரிசையில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அதைப் படம் எடுக்காமல் சுரண்டுவது கல்வெட்டைப் படியெடுக்காமல் வெள்ளையடிப்பதற்குச் சமம்.

பல்லடம், புதன் காலை

ஐயா, அம்மா, இன்னும் ரெண்டு நாள்தானுங்க இருக்குது. ‘ஏர்வொர்தி’?

விசயமங்கலம், புதன் மதியம்

பறதகுதி. வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. ‘பறத்தகுதி’ என்று யாரும் திருத்த வேண்டாம். மயில் வடிவப் பறக்கும் பொறியான மயிற்பொறி கண்ட மொழி இது. சீவக சிந்தாமணியில் மன்னன் சச்சந்தன் தன் அரசி விசயைக்குச் செய்து கொடுத்த பொறியை வலப்பக்கம் திருகினால் ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். எங்களூர்க் கொங்குவேளிரின் காப்பியமான பெருங்கதையிலும் வானத்தில் செல்லும் எந்திரம் உண்டு. நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை.

பவானி, புதன் மதியம்

பஞ்சமில்லைதான், ஆனா ‘பறதகுதி’யைப் பிள்ளைங்க ‘பிறதகுதி’ன்னு படிக்கும். ‘பறக்கும் தகுதி’ன்னே போட்டுருங்க. அப்புறம் தரையில நிறுத்தி வெச்ச விமானத்துக்குப் புறநானூறே பேரு குடுத்திருக்குது: ‘வலவன் ஏவா வான ஊர்தி’. ஓட்டற ஆளு இல்லாத ஊர்தி. காட்சிக்கூடத்துல இருக்கற அத்தனையும் அதுதானே!

சோமனூர், புதன் இரவு

டோப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். துணி போர்த்திய பழைய விமானங்களில், டைகர் மாத் மாதிரி, இறக்கைத் துணிமேல் பூசும் செல்லுலோஸ் கரைசல் அது. தறியில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது போலத்தானே, ‘கஞ்சி’ என்றே சொல்லிவிடலாம் என்று தோன்றும். தோன்றினாலும் தப்பு. கஞ்சி இழையை விறைப்பாக்கித் தறியில் அறுபடாமல் காக்கும், அலசினால் போய்விடும். டோப் காயும்போது துணியைச் சுருக்கி மேளத்தோல் போல இழுத்துப் பிடிக்கும், அலசினாலும் போகாது.

துணியும் ஏனோதானோ துணி அல்ல. ‘ஏ’ தரப் பருத்தி என்றால் பாவிலும் ஊடையிலும் அங்குலத்துக்கு 80 இழைக்குக் குறையாமல், சதுர கெஜம் சுமார் 4 அவுன்ஸ் இருக்கும். ஓரங்குலப் பட்டை 80 பவுண்டு இழுவை தாங்க வேண்டும். பழசாகி 56 பவுண்டுக்குக் கீழே இறங்கினால் பறக்க விடமாட்டார்கள். முதல் பூச்சைத் தூரிகையால் தேய்த்து இழைக்குள் இறக்க வேண்டும். மேலோடு நின்றால் பின்னால் உரியும், அளவு மீறினால் அடிப்பக்கம் சொட்டி முடிச்சு முடிச்சாகக் காயும். பிறகு வெயில் துணியைத் தின்னாமலிருக்க அலுமினியத் தூள் கலந்த பூச்சு, அதற்கும் மேலேதான் நிறம். ஈரக்காற்றில் பூசக்கூடாது. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து வெள்ளை பூக்கும். அப்படிப் பூத்த இடத்தில் பூச்சுக்கு வலு இருக்காது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு அடிக்கும் ஆடியில் டப்பாவைத் திறக்காமல் இருப்பதே நல்லது. நைட்ரேட் வகை என்றால் தீப்பொறி பக்கத்திலேயே வரக்கூடாது.

சொல்: ‘இறுக்குப்பூச்சு’. அது செய்யும் வேலையே அதன் பெயர்.

விசயமங்கலம், வியாழன் காலை

இறுக்குப்பூச்சு சரி. ஆயினும் ‘டோப்’ என்பதே நம் ‘தோய்’ என்பதன் திரிபாக இருக்கலாம் என்று…

சோமனூர், வியாழன் காலை

டச்சு மொழியில் ‘டூப்’ என்றால் குழம்பு, தோய்த்துத் தின்பது. அங்கிருந்து வந்தது. விட்டுவிடுங்கள் ஐயா.

பல்லடம், வியாழன் மாலை

ஓட்டு எண்ணிப் பார்த்தேனுங்க. மீட்டமைப்பு 6, ஒக்கிடுதல் 4, சீரமைப்பு 1, ‘எதையாவது போடுங்க’ 3. ‘ஒக்கீடு’ அச்சகத்துக்குப் போய்ப் பார்த்தது. மெய்ப்பு பார்ப்பவர் நாலு இடத்திலும் ‘ஒதுக்கீடு’ என்று திருத்திக் கொடுத்தார். அதனால் தொழிற்பெயர் ‘மீட்டமைப்பு’. செல்போன் குழப்பம் வராமலிருக்க முதல் பக்கத்தில் “பழைய பாகத்தை முடிந்தவரை வைத்துக்கொண்டு, முன்பு இருந்தபடி ஆக்குதல்” என்று ஒரு வரி விளக்கம். விமானத்துக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் மட்டும் ‘ஒக்கிட்டது’ என்று வினையாகப் போடுகிறேன். அட்டை அகலம் 9 செ.மீ., ‘மீட்டமைக்கப்பட்டது’ ஒரு வரியில் அடங்கவில்லை. பறக்கும் தகுதி, இறுக்குப்பூச்சு இரண்டுக்கும் மறுப்பில்லை.

தாம்பரம், வியாழன் இரவு

அட்டையில் ஒன்று, ஏட்டில் ஒன்றா? சரி, போகட்டும். பாப் ரிவிட் போட்ட விமானத்துக்கு மட்டும் அந்த அட்டையை வையுங்கள்.

விசயமங்கலம், வெள்ளி காலை

தொழிற்பெயரைத் தள்ளி வினையை மட்டும் ஏற்பது என்ன இலக்கணம்? என் மறுப்பைக் குறித்து வைக்கவும். ஒக்கீடு ஒருநாள் திரும்பி வரும்.

பவானி, வெள்ளி காலை

அச்சுக்குப் போகறதுக்கு முன்னால ஒண்ணு: பக்கம் 11-ல ‘உந்துவிசிறி’ன்னும் பக்கம் 12-ல ‘சுழலி’ன்னும் இருக்குது. படம் ஒண்ணுதான். எங்க ஊர்ப் பிள்ளைங்க ரெண்டையுமே காத்தாடின்னுதான் சொல்லும். எதை வெக்கறீங்க?