ஓவர்டைமில் எழுந்து போனவர்கள்: அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி ப்ளேஆஃப் அனுபவங்கள் (மன்றப் பதிவுகள்; ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் புனைப்பெயர்)

சவுத்பெண்ட் பழசு

2015 மார்ச் 6, வெள்ளிக்கிழமை. ஹாக்கி ஈஸ்ட் என்கிற கான்ஃபரன்ஸின் (கல்லூரிகள் சேர்ந்த லீக்) ப்ளேஆஃப் முதல் சுற்று, சவுத்பெண்ட் ஊரில் நோட்ர டேம் பல்கலையின் காம்ப்டன் அரங்கு, எதிரே யூமாஸ், அதாவது மாசசூசெட்ஸ் பல்கலை. இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னாலே போதும்.

60 நிமிடத்தில் 3-3. ப்ளேஆஃபில் ஆளைக் குறைத்து, பக்கத்துக்கு மூன்று பேராக ஆடுவதெல்லாம் கிடையாது. முழு 20 நிமிட ஓவர்டைம், முதல் கோல் விழும்வரை. முதலாவது போனது, இரண்டாவது போனது. மூன்றாவதும் முடிந்தபோது என்னைக் காரில் அழைத்து வந்த அறைத்தோழன், "நான் கிளம்புறேன், வர்றியா இல்லையா?" என்றான். வெளியே மார்ச் மாதக் குளிர், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. எழுந்துவிட்டேன்.

வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, "வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டோம், தெரியும்தானே?" என்று கேட்டார். தெரியும் என்றேன். கதவை முழுதாகத் திறந்துவிட்டார். எனக்குப் பின்னால் கூட்டம் ஏதோ ஒரு ஷாட்டுக்கு 'ஓ'வென்று கத்தியது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

வீட்டில் சாம்பார் சாதத்தை மைக்ரோவேவில் வைத்துவிட்டு போனைப் பார்த்தால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாவது ஓவர்டைமில் 11:42-இல் யூமாஸ் கோல் போட்டு 4-3. மொத்தம் 151 நிமிடம் 42 நொடி. என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) ஹாக்கி வரலாற்றில் அதைவிட நீளமான ஆட்டம் இல்லை. மூன்று ஆட்டத் தொடர் என்பதால் அடுத்த இரண்டையும் ஜெயித்து நோட்ர டேம்தான் மேலே போனது, அது வேறு கதை.

கடைசி வரை இருந்தேன் என்று இதுவரை இரண்டு பேரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அதில் ஒருத்தி இப்போது என் மனைவி.

இதாகா மாமி

எனக்கு ஹாக்கி தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையன் இதாகாவில் கார்னல் பல்கலையில் படித்தான். 2024 மார்ச்சில் நான் வந்திருந்தபோது, "அம்மா, லேக் ப்ளாசிட் போகலாம், ஈ.சி.ஏ.சி. ஃபைனல்" என்று அழைத்துப் போனான். ஈ.சி.ஏ.சி. என்பது கார்னல் ஆடும் கான்ஃபரன்ஸ். 1980 ஒலிம்பிக்ஸில் அமெரிக்கப் பையன்கள் சோவியத்தை 4-3 என்று ஜெயித்தார்களே, அதே அரங்கு. உள்ளே நுழைந்ததும் எல்லாரும் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள்.

தேசிய கீதத்தின் நடுவில் 'ரெட்' என்ற சொல் வரும்போது கார்னல்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் "ரெட்!" என்று அலறியதில் என் கையிலிருந்த காபி கொட்டிவிட்டது. அவர்களுடைய நிறமாம். சரி, போகட்டும்.

கடைசி நேரத்தில் கார்னல் முன்னால் இருந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் கார் சாவியை எடுத்து உயரத் தூக்கிக் கலகலவென்று ஆட்ட ஆரம்பித்தார்கள். கோவிலில் மணி அடிக்கிற மாதிரி ஏதோ சடங்கு என்று நினைத்து நானும் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து ஆட்டினேன். நன்றாகவே ஆட்டினேன். முன்வரிசையில் செயின்ட் லாரன்ஸ் சட்டை போட்ட ஓர் அம்மா, என் வயதுதான் இருக்கும், திரும்பி என் சாவியைப் பார்த்தார். என் முகத்தைக்கூட இல்லை, சாவியை. மறுபடி ரிங்க் பக்கம் திரும்பிக்கொண்டார். 3-1 என்று முடிந்தபின்தான் பையன் சொன்னான்: "பஸ் காத்திருக்கு, ஊருக்குக் கிளம்பு" என்று தோற்கிற அணியைக் கேலி செய்வதற்குத்தான் சாவி ஆட்டுவதாம்.

அந்த அம்மாவின் பையன் கீழே ஆடிக்கொண்டிருந்தானா என்று தெரியாது. இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

ரோட்ல போறவன்

பழசு, கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று ஓவர்டைம் உட்கார்ந்தவர் நான்காவதுக்கு எழுந்து போவது பந்தியில் பாயசம் வரும்போது இலையை மூடுகிற வேலை. பஸ் இல்லை என்பதெல்லாம் காரணமா? அரங்கில் இருந்த யாரிடமாவது கேட்டிருந்தால் கொண்டுபோய் விட்டிருப்பார்கள்.

மாமி, நீங்கள் வருத்தப்பட வேண்டாம், அந்த அம்மாவும் ஏதோ ஒரு வருடம் சாவி ஆட்டியவராகத்தான் இருப்பார்.

லேக் ப்ளாசிட் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அறையைப் பல மாதம் முன்னாலேயே பிடித்துவிடுங்கள், சின்ன ஊர், நான்கு கல்லூரிக் கூட்டமும் ஒரே வாரக்கடைசியில் இறங்கும். மலைப்பாதை, மார்ச் என்று நம்பி சாதா டயரில் போகாதீர்கள். உள்ளே குளிரும். ஒரே கனமான கோட்டைவிட மெல்லியதாக மூன்று போடுங்கள். பாதம்தான் முதலில் விறைக்கும், கம்பளி சாக்ஸ் கட்டாயம். குழந்தைகளோடு போனால் கோலுக்குப் பின்னால், வலை தொங்குகிற பக்கம் உட்காருங்கள். பக் என்கிற அந்த ஆடும் வட்டு 170 கிராம் வரை இருக்கும் கெட்டி ரப்பர், ஆட்டத்துக்கு முன் உறைய வைத்திருப்பார்கள். 2002-இல் கொலம்பஸில் தொழில்முறை ஆட்டம் பார்க்க வந்த 13 வயதுச் சிறுமி பக் பட்டு இறந்தபின்தான் தொழில்முறை அரங்குகளில் அந்த வலை கட்டாயமானது. போனைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அப்புறம், கான்ஃபரன்ஸ் கப் ஜெயிக்கிற அணிக்குத் தேசியப் போட்டியில் 16 இடங்களில் ஒன்று நேராகக் கிடைக்கும். மற்றவர்கள் சீசன் முழுக்க ஆடியதை வைத்துப் போடும் தரவரிசைக் கணக்கில்தான் போகணும் (2025 வரை அது பேர்வைஸ்). வேறு கான்ஃபரன்ஸில் எதிர்பாராத அணி கப் எடுத்தால் அந்தக் கணக்கில் ஓர் இடம் குறையும். ஆகவே பக்கத்து இருக்கைக்காரர் வேறு ஏதோ கான்ஃபரன்ஸ் ஸ்கோரைப் பார்த்துத் தலையில் கை வைத்தால் பயப்பட வேண்டாம்.

என் கதை? 2020. கார்னல் நாட்டிலேயே முதலிடம். டிக்கெட், அறை, லீவு எல்லாம் தயார். மார்ச் 12 அன்று மொத்தமும் ரத்து. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஆட்டம்

ரோட்ல போறவன் ஐயா, கேட்காத அறிவுரைக்கு நன்றி. சாக்ஸ் விஷயம் மட்டும் உண்மை.

இந்தக் கப்பை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா என்றுதான் என் கேள்வி. ஐ.பி.எல்.லில் முதல் இரண்டு இடக்காரர்களுக்குத் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. இங்கே ஒரு சீசன் முழுக்க முதலிடத்தில் இருந்தவனும் அரையிறுதியில் ஒரே ராத்திரியில் வெளியே. 2023-இல் எங்கள் க்வினிபியாக் பல்கலை அணி அப்படித்தான் கால்கேட் பல்கலையிடம் இரண்டாவது ஓவர்டைமில் போனது. நான் மேல் வரிசையில் மஞ்சள் தொப்பியோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தாத்தா டிக்கெட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "இனி இந்த வருஷம் ஹாக்கி பார்க்க மாட்டேன்" என்றார். மூன்று வாரம் கழித்து டாம்பாவில் அதே அணி மினசோட்டாவை ஓவர்டைம் தொடங்கிப் பத்தாவது நொடியில் சாய்த்துத் தேசியச் சாம்பியன் ஆனது. தாத்தா பார்த்தாரோ இல்லையோ.

ரோட்ல போறவன்

பேர்வைஸில் மேலே இருந்ததால் க்வினிபியாக் தப்பித்தது. கீழே கிடக்கிற அணிக்கு இந்த ஒரு வாரக்கடைசிதான் வழி. அதை எடுத்துவிட்டால் பிப்ரவரியோடு பாதிப் பேருக்கு ஆட வேண்டிய அவசியமே இல்லை. ஐ.பி.எல். உதாரணம் இங்கே ஒட்டாது.

கதவுக்காரன்

நான் பார்வையாளன் இல்லை. எம்.எஸ். படிக்கும்போது கல்லூரி ரிங்கில் பகுதிநேர வேலை, பெனால்டி பாக்ஸ் (தவறு செய்தவன் தண்டனை நேரம் உட்காரும் கூண்டு) கதவு. தண்டனை பெற்றவன் வந்தால் திறக்கணும், நேரம் முடிந்தால் திறக்கணும். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை.

கால் இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம், ஓவர்டைம். எங்கள் அணியின் கடைசி வருட டிஃபென்ஸ் பையன் எதிராளியைக் காலில் தட்டிவிட்டான், இரண்டு நிமிடம். உள்ளே வந்து உட்கார்ந்ததும் என்னிடம், "மணி பார்த்துச் சொல்லு" என்றான். அதுவரை என்னிடம் அவன் பேசியதே இல்லை. நான், "ஒன்று நாற்பது, ஒன்று முப்பது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஐம்பத்தி இரண்டு என்று சொல்லும்போது எங்கள் வலையில் பக்.

பவர் ப்ளேயில், அதாவது ஒருவன் உள்ளே உட்கார்ந்திருக்க எதிரணி ஓர் ஆள் கூடுதலாக ஆடும்போது, கோல் விழுந்தால் உள்ளே இருப்பவனை வெளியே விடணும். அது பழகிப்போன வேலை, கை தானாகக் கொண்டிக்குப் போய்விட்டது. ஆனால் எங்கே விடுவது? ஆட்டமே முடிந்துவிட்டது. எதிரணி மொத்தமும் எங்கள் கண்ணாடிக்கு முன்னால்தான் ஒருவன்மேல் ஒருவன் விழுந்து கிடந்தார்கள். கதவைத் திறந்தால் அந்தக் குவியலில்தான் அவன் காலை வைக்கணும். கொண்டியில் கையை வைத்தபடி நின்றேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது 52-இல் நின்றிருந்தது.

இதாகா மாமி

அப்புறம் எப்போது திறந்தீர்கள் தம்பி?

கதவுக்காரன்

நான் திறக்கவில்லை மாமி. கைகுலுக்க வரிசை நின்றபோது அவனே என் கையை நகர்த்திவிட்டுத் திறந்துகொண்டு போனான். சாதாரணக் கொண்டிதான் அது.

சவுத்பெண்ட் பழசு

ரோட்ல போறவன், யாரிடமாவது கேட்டிருக்கலாம் என்றீர்களே. கேட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் சரி என்றுதான் சொன்னார். அதை மேலே எழுதவில்லை.