விம்பிள்டனை வென்றவர் தரவரிசையில் இறங்கியது ஏன்?

செந்தூல்வாசி:
அனைவருக்கும் வணக்கம். 2022-இல் ஜோக்கோவிச் விம்பிள்டன் டென்னிஸ் கோப்பையை வென்ற மறுநாள் வெளியான ஆடவர் தரவரிசையில், மூன்றாம் இடத்திலிருந்த அவர் ஏழாம் இடத்துக்கு இறங்கியிருந்தார். இதைப் பற்றி எனக்கும் என் அண்ணனுக்கும் இன்றுவரை வாதம் ஓயவில்லை. பெரிய ஆட்டக்காரரை வீழ்த்தினால் கூடுதல் புள்ளி உண்டா, தோற்றால் புள்ளியைக் கழிப்பார்களா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சுபாங் ராக்கெட்:
தோல்விக்காக யாருடைய புள்ளியையும் கழிப்பதில்லை. யாரை வென்றோம் என்பதற்கும் இப்போது தனி மதிப்பு இல்லை; 1990-களில் அதற்கென ஊக்கப் புள்ளிகள் இருந்தன, பிறகு நீக்கிவிட்டார்கள். எந்தப் போட்டியில் எந்தச் சுற்று வரை முன்னேறினார் என்பதுதான் கணக்கு. விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு பெரும் போட்டிகளான கிராண்ட் ஸ்லாமில் வெற்றியாளருக்கு 2000, இறுதியாட்டத்தில் தோற்றவருக்கு 1300, அரையிறுதியில் தோற்றவருக்கு 800. கிராண்ட் ஸ்லாமுக்கு அடுத்த நிலையிலுள்ள மாஸ்டர்ஸ் 1000, அதற்கடுத்த 500, 250 ஆகிய போட்டிகளில் வெற்றியாளருக்குரிய புள்ளியே போட்டியின் தரத்துக்குப் பெயராகவும் இருக்கிறது.

ஆனால் எந்தப் புள்ளிக்கும் ஆயுள் 52 வாரம்தான். சென்ற ஆண்டு பட்டம் வென்றவர் இவ்வாண்டு அதே கிராண்ட் ஸ்லாமின் அரையிறுதியில் தோற்றால், பழைய 2000 போய் 800 வரும். அதாவது ஐந்து ஆட்டங்களை வென்ற பிறகும் அவர் கணக்கில் 1200 குறையும். ஜோக்கோவிச்சின் நிலை இதைவிட மோசம். அவ்வாண்டு ரஷ்ய, பெலாருஸ் ஆட்டக்காரர்களை விம்பிள்டன் அனுமதிக்காததால், ஆடவர் டென்னிஸை நடத்தும் சங்கமான ஏடிபி அப்போட்டிக்குப் புள்ளியே வழங்கவில்லை. 2021-இல் அவர் வென்ற 2000 காலாவதியானது. அதை ஈடுசெய்ய எதுவும் வரவில்லை. தடைக்குக் காரணமாக இல்லாத ஆட்டக்காரர்கள் அதன் விலையைக் கொடுத்தது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன்.

பினாங்குப் பூப்பந்து ரசிகை:
சுபாங் அண்ணா, பூப்பந்தில் 52 வாரங்களில் சிறந்த பத்துப் போட்டிகளின் புள்ளிகளை மட்டுமே கூட்டுவார்கள். டென்னிஸிலும் அப்படி ஒரு வரம்பு உண்டா, அல்லது ஓயாமல் ஆடிக்கொண்டே புள்ளி சேர்க்கலாமா?

சுபாங் ராக்கெட்:
வரம்பு உண்டு, தங்கையே. 2025 பருவத்தில் முன்னணி ஆட்டக்காரருக்கு நான்கு கிராண்ட் ஸ்லாம், கட்டாயமான எட்டு மாஸ்டர்ஸ், மற்றவற்றில் சிறந்த ஏழு எனப் பத்தொன்பது போட்டிகள் கணக்கில் வந்தன. கட்டாயப் போட்டிக்குப் போகாவிட்டால் அந்த இடத்தில் பூஜ்யம் விழும். ஆண்டின் இறுதியில் எட்டுப் பேர் மட்டும் மோதும் போட்டியின் புள்ளிகள் இதற்கு மேல் சேரும். எத்தனை 250 போட்டிகளில் ஆடினாலும் அந்த ஏழு இடங்களுக்குள் நுழைபவை மட்டுமே உதவும்.

நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 2009 முதல் 2015 வரை புக்கிட் ஜாலில் புத்ரா அரங்கில் நடந்த மலேசியப் பொது டென்னிஸ் ஒரு 250 போட்டி. 2013-இல் அதை வென்ற போர்த்துகலின் ஜோவாவ் சூசா, எழுபதுகளிலிருந்து ஐம்பதை ஒட்டிய இடத்துக்கு ஒரே வாரத்தில் தாவினார். முதல் ஐந்து இடங்களில் இருப்பவருக்கு அதே 250 புள்ளிகள் பெரும்பாலும் ஓர் இடத்தைக்கூட மாற்றாது.

செந்தூல்வாசி:
மிக்க நன்றி. காயத்தால் பல மாதங்கள் ஆடாதவர் பட்டியலின் அடிக்கே போய்விடுவார் அல்லவா?

கிள்ளான் தாத்தா:
போய்விடுவார், தம்பி. ஆறு மாதங்களுக்குக் குறையாமல் ஆடாதிருந்தவர், பாதுகாக்கப்பட்ட தரவரிசைக்கு விண்ணப்பிக்கலாம். காயமடைந்த பின் முதல் மூன்று மாதங்களில் அவர் வகித்த இடங்களின் சராசரியே அது. அதைக் காட்டிப் போட்டியில் இடம் பெறலாமே தவிர, முன்னணி ஆட்டக்காரர்கள் தொடக்கச் சுற்றுகளில் ஒருவரையொருவர் சந்திக்காதபடி தரப்படும் முன்னணி வரிசை எண் கிடைக்காது. ஆகவே முதல் சுற்றிலேயே உலகின் முதல் நிலை ஆட்டக்காரரை எதிர்கொள்ள நேரிடலாம்.