நிலவேம்புக் குடிநீரில் ஒன்றுமே இறங்காதாம்!

குப்பிக்காரன்: "நிலவேம்பின் முக்கியச் சேர்மமான ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் கரையாது, அதனால் நிலவேம்புக் குடிநீர் வெறும் கசப்புத் தண்ணீர்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அந்தக் கசப்பே அந்தச் சேர்மத்துடையதுதானே? இறங்காமல் நாக்குக்கு எப்படி வந்ததாம்?

மெத்தனால் மணி: எழுதியது நான்தான். கரையாது என்றால் கரையாது. ஆய்வகத்தில் ஏன் மெத்தனாலில் ஊறப்போடுகிறார்கள்? பொழுது போகாமலா?

குப்பிக்காரன்: இலையில் மொத்தம் எவ்வளவு என்று ஹெச்பிஎல்சியில், அதாவது சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவியில், அளக்க மெத்தனால். டம்ளரில் எவ்வளவு என்பது வேறு கேள்வி. பச்சைத் தண்ணீரில் மிகக் குறைவாகத்தான் கரையும், சரி. நாம் நாலில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சுகிறோமே, சூட்டில் கூடுதலாக இறங்காதா?

மெத்தனால் மணி: "மிகக் குறைவாக". உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. நன்றி, வணக்கம்.

வெட்டிவேர்: குடிநீரில் சேரும் ஒன்பது சரக்கில் ஒன்றை மட்டும் பிடித்துத் தொங்குகிறீர்கள். மிளகில் அதன் காரச் சேர்மம் பைப்பரின் இல்லையா?

குப்பிக்காரன்: பைப்பரினும் தண்ணீரில் சரியாகக் கரையாது ஐயா. இப்போது அதை இழுக்காதீர்கள்.

வெட்டிவேர்: சந்தனம் பற்றி எழுதியபோதும் இப்படித்தான் என் வாயை அடைத்தீர்கள். மறக்கவில்லை.

தென்காசித் தம்பி: கொதிக்க வைத்தாலே மருந்து போச்சு அண்ணே. சீனாவில் து யூயூ மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினைக் கொதிக்கவிடாமல் ஈதரில் எடுத்துத்தானே 2015-இல் நோபல் வாங்கினார்?

குப்பிக்காரன்: அது வேறு செடி, வேறு மூலக்கூறு தம்பி. அதிலுள்ள, சூட்டில் உடையும் பெராக்சைடுப் பிணைப்பு இதில் கிடையாது. நோபல் என்றதும் எல்லாச் செடிக்கும் ஒரே சட்டமா? சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் குடிநீரை ஒரு சொட்டு, பக்கத்தில் தூய சேர்மத்தை ஒரு சொட்டு வையுங்கள். கரைப்பான் மேலேறியதும் 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பாருங்கள். ஒரே உயரத்தில் இரண்டு கரும்புள்ளி.

மெத்தனால் மணி: ஒரே உயரம் என்றால் ஒரே சேர்மமா? முதலாண்டுப் பையன்கூட இப்படிச் சொல்ல மாட்டான்.

குப்பிக்காரன்: அதற்குத்தான் ஹெச்பிஎல்சியில் சேர்மம் வெளிவரும் நேரத்தையும், அது ஒளியை உறிஞ்சும் நிறமாலையையும் சேர்த்துப் பார்ப்பது. தெரியாத மாதிரி நடிக்காதீர்கள்.

வெட்டிவேர்: 2012-இல் டெங்குக்கு ஊரே குடித்ததே, அது பொய்யா?

குப்பிக்காரன்: டெங்கு குணமாகிறதா என்பதை நோயாளிகளிடம் சோதித்துத்தான் சொல்ல வேண்டும், குப்பியில் இல்லை. நான் பேசுவது கரைவதைப் பற்றி மட்டும்.

மெத்தனால் மணி: அப்படியானால் டம்ளருக்கு எத்தனை மில்லிகிராம்? ஒரே ஒரு எண் சொல்லுங்கள்.

குப்பிக்காரன்: எந்த ஊர்ச் செடி? பூக்கும் முன் பறித்ததா, பின்னா? இலையா, தண்டா? அதைச் சொல்லாமல் எண் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

மெத்தனால் மணி: எண் வரவில்லை. ஆகவே கரையாது.

தென்காசித் தம்பி: எங்கள் ஊர்ச் செடிதான் கசப்பு அதிகம், வேண்டுமானால் அனுப்புகிறேன்.

வெட்டிவேர்: சந்தனத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.